கையில் இருந்த பேர்

“லவ் பெயிலியருங்களா, தாத்தா?” திருப்பூரில் பச்சை குத்தியதை அழிக்கும் கடைப் பெண் கேட்டாள்.

“என் ஊட்டுக்காரி பேரு இது, கண்ணு. செத்து நாலு வருசமாச்சு.”

அவள் மெஷினை என் முன்னங்கையில் வைத்தாள். சுட்டது. கல்யாணமான புதிதில் நானும் நஞ்சம்மாளும் ஒருவர் பேரை ஒருவர் கையில் குத்திக்கொண்டோம். அவள் கையிலிருந்த என் பேர் அவளோடு எரிந்துபோனது. மிச்சம் இதுதான்.

எல்லாம் மகன் பூபாலன் பேச்சு. ஜப்பானுக்குப் பனியன் அனுப்புகிறவன்.

“அங்க வெந்நீர் ஊத்துல குளிச்சா முட்டி வலி போயிருமுங்கப்பா. ஆனா பச்சை குத்துனவங்களை ரவுடின்னு உள்ள உடமாட்டாங்க.”

“உனக்கு யார்றா சொன்னது?”

“எல்லாருக்கும் தெரியுமுங்க. நாளைக்கு நீங்க நடக்க முடியாமப் படுத்துட்டா யாருங்க பாக்கறது?”

அதற்குப் பயந்துதான் கையை நீட்டினேன். எட்டு மாதத்தில் ஆறு தடவை சுட்டு அழித்தார்கள்.

ஜப்பானில் அந்த வெந்நீர்க் குளியல் கூடத்தின் வாசலில் எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரன் நின்றான். முன்னங்கையில் பாம்புப் பச்சை.

“இப்பத் திருப்பி அனுப்புவாங்க பாரு,” என்றேன்.

கல்லாவிலிருந்த அம்மாள் தோல் நிறத்தில் ஒரு பிளாஸ்திரியை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதைப் பாம்பின்மேல் ஒட்டிக்கொண்டு உள்ளே போனான்.

பூபாலன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“வாங்கப்பா,” என்றான். “தண்ணி ஆறிரும்.”