எந்தக் கம்பத்துக் காற்று?

“காத்து வேகம் இருபத்தாறு நாட், மேடம். இருபத்தஞ்சைத் தாண்டினா கப்பலை விட மாட்டாங்க.”

கம்ப்யூட்டர் அடித்துத் தள்ளிய தாளைப் பிடித்தபடி நின்றான் உதயசூரியன். சந்திரமதி ஜன்னல் வழியே பார்த்தாள். போர்ட் பிளேர் துறைமுகத்தில் கடல் அசையாமல் கிடந்தது.

“காத்தே இல்லையே, சூரியன்.”

“உங்க புரோகிராம் இருக்குங்குதே.”

1979. அலமாரி உயரத்துக்கு நின்ற அந்தக் கம்ப்யூட்டர் மெட்ராஸிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. காற்றுமானிகளை அதனோடு இணைப்பது அவன் வேலை. அவற்றோடு அது பேசுவதற்கான டிரைவர் புரோகிராம்களை எழுதுவது அவள் வேலை.

“அன்னிக்கே சொன்னேன் மேடம். பஸ் வாரியா, அதாவது வர்ற ஒயர் வாரியாப் பிரிங்கன்னு. சிப்பிகாட் பண்ணைக் கம்பத்து ஒயர்ல வர்றது தனி, மலைக் கம்பத்து ஒயர்ல வர்றது தனி. எது எங்கேருந்து பேசுதுன்னு தெரிஞ்சிருக்கும்.”

“நாளைக்கு கேம்பல் பேல ஒண்ணு வைப்பீங்க. ஒவ்வொரு ஒயருக்கும் நான் புதுசா எழுதணுமா? செய்யற வேலைய வெச்சுப் பிரிச்சா தொல்லை இல்ல. காத்து அளக்கிறது எல்லாம் ஒரே கிளாஸ். ‘காத்து எவ்வளவு?’ன்னு ஒரே கேள்வி. வர்ற பதில்ல பெருசை எடுத்துக்கும்.”

“யார் சொன்ன பதில்னு கேட்டா?”

“யார் சொன்னா என்ன? காத்து காத்துதானே.”

அவன் கதவுப் பக்கம் பார்த்தான். அவனுடைய தகரப் பெட்டி அங்கே தயாராக இருந்தது. கப்பல் போகும் கேம்பல் பேயில் அவன் மனைவி தங்கத்துக்கு இது பிரசவ மாதம். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது பதினைந்து நாள் கழித்துத்தான். முதல் பிரசவத்துக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது, குழந்தையைப் புதைத்துவிட்டிருந்தார்கள்.

சிப்பிகாட் பண்ணைக்குப் போன் போட்டான்.

“தென்னை ஓலைகூட அசையலையாம்.”

“அப்ப மலைதான்.” மலையுச்சிக் கம்பம் மேகத்துக்குள் இருந்தது. “மேல அடிக்குது, கீழ இறங்கல. இப்படிக்கூட நடக்குமா? விசித்திரமா இருக்கே.”

“உங்களுக்கு விசித்திரம். எனக்குக் கப்பல்.”

கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்தான். சுட்டது. அதைக் குளிர வைக்கக் கப்பல் பட்டறையிலிருந்து கொண்டுவந்து சுவரில் மாட்டிய பெரிய ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. ரெகுலேட்டரைக் கடைசிவரை திருப்பிவிட்டு, வேர்வையைத் துடைத்தபடி பெட்டி மேல் உட்கார்ந்தான்.

“ஏறிப் பார்த்துட்டு வரவா, மேடம்?”

“மலைக்கா? நீங்க இறங்கறதுக்குள்ள இருட்டிடும்.”

கம்ப்யூட்டர் அடுத்த வரியை அடித்தது. முப்பத்தொன்று. இருவரும் அதையே பார்த்தார்கள்.

போன் மணி அடித்தது. சந்திரமதி எடுத்தாள். துறைமுக அலுவலகத்திலிருந்து ராஜமாணிக்கம்.

“சார், சத்தமா பேசுங்க. கேக்கல… சூரியன், அந்த ஃபேனை நிறுத்துங்களேன்.”

நிறுத்தினான். அறை அமைதியானது.

“ஜல்தி சொல்லும்மா. கப்பல் துறைல ஜனங்க மூட்டை முடிச்சோட நிக்கறாங்க. கப்பல் போகலாமா, கூடாதா?”

“முப்பத்தொண்ணு காட்டுது, சார்.”

பின்னால் வரிகள் விழுந்தன. பத்தொன்பது. எட்டு. சைபர். உதயசூரியன் தாளைக் கிழித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“முப்பத்தொண்ணா? இங்க கொடிகூட ஆடல. எங்கம்மா அடிக்குது அந்தக் காத்து?”

எங்கே? சந்திரமதி மெல்ல நிமிர்ந்து பார்த்தாள். கம்ப்யூட்டரின் உச்சியில், கேம்பல் பேய்க்குக் கொண்டுபோவதற்காக உதயசூரியன் காலையில் இணைத்துச் சோதித்துவிட்டுக் கழற்ற மறந்த புதுக் காற்றுமானி, கடைசிச் சுற்றைச் சுற்றி நின்றது.

“எங்க ஃபேனுக்கு எதிர்ல, சார்” என்றாள். “ஒரு ஆள் பெட்டியோட ஓடி வர்றாரு. ஏத்திக்கிட்டுக் கப்பலை விடுங்க.”