தொட்டிலில் ஒரு மூட்டு டாக்டர்

யாழரசியின் மகளுக்குத் தொட்டில் போட்ட அன்றே மாவட்ட மருத்துவத் திட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷம் கழித்து ஊருக்கு ஒரே ஒரு மூட்டு டாக்டர் போதுமாம்; அது இந்தக் குழந்தைதானாம்.

செய்தி கேட்ட எதிர்வீட்டுச் செண்பகம், புடவையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு தொட்டிலருகே வந்து நின்றாள்.

“செண்பகக்கா, இவளுக்கு இன்னும் தலையே நிக்கல!”

“இப்பவே காட்டி வச்சிடறேன்டி. அப்புறம் கூட்டம் சேந்துடும்.”

குழந்தை வீறிட்டது. யாழரசி வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“என்ன ஆகணும்னு இவளே சொல்லட்டும்க்கா. எனக்கும் கண் டாக்டர்னுதான் எழுதியிருந்தாங்க. நான் பஸ் ஓட்டலையா?”

செண்பகம் மூக்கில் விரலை வைத்தாள்.

“அடிப்பாவி! நாலு வருஷமா ஊர்ல கண்ணு பாக்க ஆளில்லாதது உன்னாலதானா?”