கறுத்த வாசல்

சூறாவளி அள்ளிக்கொண்டு போன கூரைகளெல்லாம் திரும்ப ஏறிவிட்ட ஒரு காலத்தில், மருதமுனையில் ஒரு உம்மா இருந்தா. பேர் முனவ்வறா.

புருசன் கண்ணை மூடி, மௌத்தாகி ஒரு மாதம். நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆம்பிளை கண்ணில் படாமல் இத்தா இருக்கவேணும். அதற்கிடையில் மகள் நதீராவின் கலியாணம். மாப்பிள்ளைக்குச் சவூதி விசா வந்துவிட்டது, தள்ளிப்போட வழியில்லை.

உம்மா வெள்ளைச் சீலையோடு உள்ளறையில். மகள் விறாந்தைப் படியில், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில்.

"கொஞ்சம் நிமிந்து நில்லுங்க தங்கச்சி."

முற்றத்தில் குரல். கல்முனையிலிருந்து படமெடுக்க வந்த பாக்கியராசா.

ஒரேயொரு தரம் மகளைப் பார்த்தால் என்ன? வீட்டுக்குள் கும்மிருட்டு. வெளியே கண் கூசுகிற வெயில். யாருக்குத் தெரியப்போகிறது?

முனவ்வறா அறைத் திரையை விலக்கினா. பார்த்தா. பார்த்துக்கொண்டே நின்றா.

"என்ன பாக்கியராசா, புள்ள கண்ணக் கூசிக்கிட்டு நிக்கிது. ஒரு படத்துக்கு எத்தின தரம் அமத்துவாய்?"

கேட்டவர் மீராமுகைதீன். நதீராவின் பெரியவாப்பா. மகளின் சீதனத்துக்கென்று தம்பி அரைகுறையாய் விட்டுப்போன இந்த வீட்டைக் கட்டிமுடித்தவர்.

"இது புது முறை காக்கா," என்று அண்ணன் முறை சொல்லி விளக்கினார் பாக்கியராசா. "இப்பதான் செஞ்சு பாக்கிறன். வெயிலுக்கு ஒண்டு, நிழலுக்கு ஒண்டு, உள்ளுக்குள்ள இருட்டுக்கு ஒண்டு. கடைசிப் படத்துக்குப் பத்து எண்ணுமட்டும் கெமராவைத் திறந்து வச்சன். மூண்டையும் ஒரு கடதாசியில சேத்துக் கழுவினா, வெளியும் தெரியும், உள்ளும் தெரியும்."

"உள்ளுக்க என்னெல்லாம் தெரியும்?"

"ஊசி விழுந்து கிடந்தாலும் தெரியும்."

"அப்பிடிப் போடு! பெரிசா ஒண்டு அடி. நாம குடுக்கிற ஊடு எப்பிடியெண்டு மாப்பிள்ளை ஊட்டார் பாக்கட்டும். அவங்கட செவரில மாட்டிருவம்."

முனவ்வறா திரையை இழுத்து மூடினா. அந்தப் பத்து எண்ணுமட்டும் அவ அங்கேயேதான் நின்றிருந்தா.

பத்து நாளாக முனவ்வறாவுக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளையின் உம்மா சுபைறாவுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். 'ஒங்கட உம்மாக்கு இத்தா இரிக்கவும் தெரியா' என்று ஒரு சொல் விழுந்தால், நதீரா அதை ஆயுளுக்கும் கேட்கவேண்டிவரும்.

பதினோராம் நாள் பாக்கியராசா படத்தோடு வந்தார். சொந்தக்காரர் நாலைந்து பேர் விறாந்தையில் கூடிவிட்டார்கள்.

கடதாசி பிரிகிற சத்தம். அறைக்குள் முனவ்வறா கண்ணை மூடிக்கொண்டா.

"இதென்ன இது? வாசல் கறுத்துக் கிடக்கு!" மீராமுகைதீன் கத்தினார். "என்ட தம்பிட மகள்ட ஊட்டுக்க கரி மூட்டையா அடுக்கி வச்சிரிக்கன்?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"பிழைச்சுப் போச்சு காக்கா. புதுசாப் பழகிற வேலை. இன்னும் பிடிபடல்ல."

"ஊசி தெரியும் எண்டாய்! இஞ்ச ஒரு அலுமாரியையே காணல்ல!"

இன்னும் பெரிய சிரிப்பு.

"வாற மாதம் என்ட மகன்ட கலியாணத்துக்கு நீ வரவேணாம். நான் வேற ஆளப் பாக்கிறன்."

"அது உங்கட விருப்பம் காக்கா."

முனவ்வறா பத்து நாளுக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு விட்டா. அல்ஹம்துலில்லாஹ்! வேலை தெரியாத ஒருத்தனை அனுப்பி என் மானத்தைக் காத்தாய் றப்பே!

நதீரா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தா.

"உம்மா, படக்காறர் இந்தக் கவரைத் தந்தார். ஒங்கட கையில மட்டும் குடுக்கட்டாம். நானும் பாக்க வேணாமாம்."

மகள் போனபிறகு முனவ்வறா கவரைப் பிரித்தா.

ஒரு சின்னப் படம். மூன்று நெகட்டிவ்.

படத்தில் மகளும் மருமகனும் வெயிலில் பளிச்சென்று நின்றார்கள். பின்னால் வீடு முழுக்கத் தெரிந்தது. அலுமாரி தெரிந்தது, அதன் கண்ணாடியில் ஒட்டிய பூத்தாளும் தெரிந்தது. அலுமாரிக்குப் பக்கத்தில் திரையைப் பிடித்தபடி, வெள்ளைச் சீலையில் ஒரு உம்மா, மகளைப் பார்த்துக் கண் நிறைந்து நின்றா.

படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தது:

'உம்மா, இதில் வேறு பிரதி இல்லை. மற்றப் படத்தில் வாசலை நான்தான் கறுப்பாக்கினேன்.'

"றப்பே, நான் சொன்ன சொல்லை மாப்புச் செய்," என்று முணுமுணுத்தா முனவ்வறா. "அந்தப் படக்காறப் புள்ளைட கையில பறக்கத்தைப் போட்டு, தொழிலைப் பெருக்கி வை."

வெளியே சிரிப்பு இன்னும் ஓயவில்லை. அதற்கு நடுவால், பாக்கியராசா தலையைக் குனிந்தபடி, சைக்கிளை மணலில் உருட்டிக்கொண்டு போனார்.