சின்ன மாப்பிள்ளையின் கல்வெட்டு

கல்லில் சகலையின் பெயரைப் பார்த்ததும் ஹெட் கிளார்க் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். கருப்புப் பளிங்கில் பொன் எழுத்து. அந்த ஆள் இறந்திருந்தால்கூட இவர் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டார். ஆனால் சகலையோ இஸ்திரி போட்ட சட்டையில், பக்கத்திலேயே குத்துக்கல்லாட்டம் நின்றுகொண்டிருந்தார்.

அது இலவச டயாலிசிஸ் மையத்தின் வாசல் சுவர். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற சகலை, இந்த மையத்தின் வேனைச் சம்பளமில்லாமல் ஓட்டிவந்தார். இப்போது ஓய்வுப் பணத்தையும் அப்படியே இங்கே தூக்கிக் கொடுத்துவிட்டாராம். கல்லைச் சுற்றி நின்று போட்டோ எடுத்த மாமியார் வீட்டு ஜனம் அப்படித்தான் பேசிக்கொண்டது. சகலை அடக்கமாகச் சிரித்ததோடு சரி.

"மாப்பிள்ளைன்னா சின்ன மாப்பிள்ளைதான். என்ன மனசு" என்றார் மாமியார்.

அக்காளைக் கட்டிய பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு பற்றி எரிந்தது.

எரிச்சல் இன்று நேற்று வந்ததல்ல. சகலை வீடு கட்டியபோது இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போன வருஷம், ரிட்டயரான கையோடு சகலை மகள் கல்யாணத்தை ஊரே வாயைப் பிளக்க நடத்தியபோது காய்ச்சலே வந்துவிட்டது. இப்போது கல்லிலும் ஏறிவிட்டார்.

வீடு திரும்பியதும், போன மாதம் ரிட்டயரானபோது வந்த தன் ஓய்வுப் பணம் முழுவதையும் அதே மையத்துக்குக் கொடுக்கப்போவதாக மனைவியிடம் அறிவித்தார். அவள் தையல் மிஷினிலிருந்து நிமிர்ந்தாள். அந்தப் பணத்தில் மாடியில் ஓர் அறை எழுப்பி, ஜன்னலோரமாக மிஷினைப் போட்டுக்கொள்ளலாம் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தவள்.

"தங்கச்சி புருஷன் செஞ்சா நாமளும் செய்யணுமா?"

"அவன் பேரு கல்லுல இருக்குடி."

அவள் மறுபடி துணி மேல் குனிந்தாள். மிஷின் மட்டும் படபடவென்று ஓடியது.

மறுநாள் காலை மையத்தின் நிர்வாகி அம்மாவுக்கு எதிரே போய் உட்கார்ந்தார். சகலையை விட ஒரு ரூபாயாவது கூடுதலாக இருக்க வேண்டுமே என்பதால், அவர் எவ்வளவு கொடுத்தார் என்று முதலில் நைசாக விசாரித்தார். அதையெல்லாம் வெளியே சொல்வதில்லை என்று அந்த அம்மா பிடிகொடுக்காமல் நழுவினார். எதற்கு வம்பு என்று, இவர் வங்கியில் இருந்தது மொத்தத்தையும் செக்கில் எழுதினார்.

கையெழுத்துப் போடும் நேரத்தில் கட்டாத மாடியறையின் ஜன்னல் கண்ணுக்குள் வந்து போனது. பேனா நின்றது. கூடவே மாமியாரின் குரலும் கேட்டது. போட்டுவிட்டார்.

தன் கல் சகலையின் கல்லுக்கு மேலே, ஒரு சாண் பெரிதாக இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் வைக்கலாம் என்றார் நிர்வாகி. புதிதாக இரண்டு டயாலிசிஸ் மிஷின் வாங்கிவிடலாம், இனி யாரையும் நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்ப வேண்டியதில்லை என்று சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது.

ஹெட் கிளார்க்குக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. சகலையை ஜெயித்தோமா இல்லையா என்பது தெரியாமல் அவரால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை.

"இப்பவாவது சொல்லுங்கம்மா. எங்க சகலை எவ்வளவுதான் குடுத்தாரு?"

நிர்வாகி செக்கை டிராயரில் வைத்துப் பூட்டினார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்பதுபோல் சிரித்தார்.

"'என்கிட்ட பணமில்ல, ஒரு சகலைதான் இருக்காரு, கல்லை மட்டும் வைங்க, தானா வருவாரு'ன்னாரு சார்."