பாறையில் இரண்டு பேர்

"ரெண்டு பேரும் ஆடுறாங்கன்னு அவங்ககிட்ட சொல்லும்மா," என்றார் பேராசிரியர்.

அவங்க என்றால் அருங்காட்சியக இயக்குநர். அதே மேசையின் மறுமுனையில்தான் உட்கார்ந்திருந்தார்.

நான் திரும்பினேன். "மேடம், ஆடுறாங்களாம்."

"கேட்டுச்சு. சண்டை போடுறாங்கன்னு சொல்லு."

"சார், சண்டையாம்."

காலையிலிருந்து இப்படித்தான். இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. நான் படித்தது இயற்பியல். இரண்டு முனைகளுக்கு நடுவே மாட்டிய கம்பி சூடாகும் என்று அதில் படித்திருக்கிறேன்.

திரையில் பாறை ஓவியத்தின் படம். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ காவிக்கல்லைக் குழைத்து வரைந்த இரண்டு உருவங்கள். எதிரெதிரே நிற்கின்றன. தூக்கிய கைகள், மடங்கிய முட்டி. தலை வெறும் புள்ளி. வாய் வரையவில்லை. அதனால் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாருக்கும் தெரியாது.

மங்கிய நிறத்தைக் கணினியில் தூக்கிக் காட்டுவது என் வேலை. படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குவதும் என் வேலைதான். மதியத்துக்குள் அந்த வரி அச்சுக்குப் போக வேண்டும். நாளை கண்காட்சி.

போகவில்லையென்றால் என் தற்காலிக உதவியாளர் வேலை இந்த மாதத்தோடு சரி. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

"ஆடுறவனுக்குத்தான் முட்டி இப்படி மடங்கும்னு சொல்லு."

"உதைக்கப் போறவனுக்கும் மடங்கும்னு சொல்லு. எதிர்ல இருக்கிறவங்க கோபம் அவருக்கு என்னைக்குப் புரிஞ்சிருக்குன்னும் கேளு."

இரண்டாவதை நான் கேட்கவில்லை. கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டது.

யார் முகத்தையும் பார்க்காமல் இருக்க, படத்தின் பக்கம் திரும்பினேன். மஞ்சளைக் குறைத்தேன். சிவப்பைக் கூட்டினேன். இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

இருவருக்கும் நடுவில், வெறும் பாறையாக இருந்த இடத்தில், ஒரு கறை எழும்பியது. முதலில் கால்கள். பிறகு உடம்பு. சின்ன உருவம்தான். இரண்டு கைகளும் தலையின் இரண்டு பக்கமும் அழுந்தியிருந்தன.

அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும் போலிருந்தது.

இருவரும் எழுந்து வந்து என் நாற்காலிக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

"பாட்டுக்காரன்னு சொல்லும்மா."

"விலக்கிவிட வந்தவன்னு சொல்லு."

நான் சொல்லவில்லை. தட்டச்சு செய்தேன்.

'எதிரெதிரே இருவர். நடுவில், காதைப் பொத்திக்கொண்டு, உதவியாளர்.'

அச்செடுத்து மேசையில் வைத்த பிறகுதான் செய்தது உறைத்தது. வேலை போனால் போகட்டும் என்று நினைக்கும் அளவுக்கெல்லாம் எனக்குத் தைரியம் கிடையாது.

இருவரும் படித்தார்கள். ஒரு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

யாரோ மூக்கு வழியாகச் சிரித்தார்கள். நான் தலை நிமிரவில்லை.

பேராசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டு, வழக்கம்போலப் பேனாவை என்னிடம் நீட்டினார். நான் வாங்குவதற்குள் இயக்குநர் எட்டி அதைப் பிடுங்கி, கீழே தன் பெயரைப் போட்டார்.

"சாப்பிட வாங்க," என்றார், பேராசிரியரைப் பார்த்தே. "உங்கம்மா சொன்னதைப் பத்தி வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."