முடிச்சுக்கு இரண்டு விரல்

பிலோமினாவின் கொட்டிலில் பெரியவன், சின்னவன் என்று இரண்டு பன்றிகள். ஹோட்டல் மிச்சத்தைத் தவிட்டோடு வேகவைத்துத் தொட்டியில் ஊற்றுவாள். வெள்ளிக்கிழமைதோறும் ஆணியில் தொங்கும் கயிற்றை எடுத்து அவற்றின் நெஞ்சைச் சுற்றி அளப்பாள். கயிற்றில் ஓர் இடத்தில் முடிச்சு இருந்தது.

"முடிச்சுக்கு எனக்கு ரெண்டே விரல்தான் பாக்கி. உனக்கு?" என்றான் பெரியவன்.

"ஆறு," என்றான் சின்னவன் வெட்கத்தோடு.

"அதான் அம்மா உன்னைத் தட்டிக்கூடக் கொடுக்கிறதில்லை. தள்ளு!" அவன் பங்கையும் பெரியவனே தின்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெரியவனின் நெஞ்சு முடிச்சைத் தொட்டது. பிலோமினா அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டாள்.

"பாத்தியாடா, எனக்குத் தனி ரூம்!"

சனிக்கிழமை அவனுக்குத் தண்ணீர் மட்டுமே வந்தது.

"அம்மா மறந்துட்டாங்க போல. நீயும் சேர்ந்து கத்துடா."

சின்னவனும் தொண்டை கிழியக் கத்தினான். பிலோமினா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஞாயிறு விடியும்போது பெரியவனைக் கொல்லைக்கு இழுத்துப்போனார்கள். அவன் அலறல் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

தொட்டி முழுவதும் இப்போது சின்னவனுக்கு. அவன் ஓரமாக நக்குவதோடு நிறுத்திக்கொண்டான். வெள்ளிக்கிழமை கயிறு வந்தபோது மூச்சை அடக்கி உடம்பைக் குறுக்கிக்கொண்டான்.

"என்னடா தங்கம், இப்படி இளைச்சுட்டே?" என்று பதறிய பிலோமினா, முதல் முறையாக அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அது இதமாக இருந்தது. சின்னவன் அடக்கிய மூச்சை விட்டுவிட்டுத் தொட்டியில் வாய் வைத்தான்.