ஆறிய காபி

சுகந்தியின் மூளையில் சில்லு பொருத்திய மருத்துவமனை, அதன் மூன்று கட்டளைகளையும் கணவன் குமரவேலிடம்தான் கொடுத்தது: நிறுத்து, படி, தொடர்.

சண்டை முற்றும்போதெல்லாம் குமரவேல் போனில் ‘நிறுத்து’ என்று தட்டுவான். அவள் அப்படியே உறைந்து நிற்பாள். அவள் மனதில் இருப்பதைப் படித்து, பதிலைத் தயார் செய்துகொண்டு, ‘தொடர்’ என்று தட்டுவான். ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

இன்று அவள் காபியோடு வந்து வாயைத் திறந்ததுமே நிறுத்திவிட்டுப் படித்தான்.

“நீங்க என்னை நிறுத்துறது எனக்குத் தெரியும். சூடா எடுத்த காபி கையிலேயே ஆறிப்போயிருக்கும். வாயைத் திறந்து கேட்டிருந்தா நானே சொல்லியிருக்க மாட்டேனா?”

குமரவேல் விரலை ‘தொடர்’ மேல் கொண்டுபோனான். தட்டத் துணிவு வரவில்லை. அவள் கையிலிருந்த காபியில் ஆடை படிந்துகொண்டிருந்தது.